பேறுபெற்ற வாழ்வு

மனிதராய்ப் பிறந்தோர் யாவரும் நாடுவது இன்பவாழ்வு. நிறைந்த செல்வம், நன்மக்கட்பேறு, நோயற்ற உடல், நீண்ட ஆயுள், ஊராரின் நன்மதிப்பு ஆகிய இவையெல்லாம் ஒருங்கே வாய்க்கப்பெற்றவனை உலகம் பாக்கியசாலி என்று போற்றுகின்றது. கிறித்தவ சமயமும் பாக்கியம் என்பதைப் பற்றி விரிவாகவே பேசுகின்றது. ஆனால் அச்சமயம் பாக்கியம் பெற்றோர் என்று சுட்டிக்காட்டுவோரின் வரிசை உலகத்தார் எதிர்பாராத ஒன்று. மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசுபெருமானின் மலைப்பொழிவு தொடங்குகின்றது. அதன் வாயிலிலேயே எண்வகை மக்கள் பேறுபெற்றோர் எனப்படுகின்றனர். உள்ளத்தில் எளியோர், துயருறுவோர், சாந்தமுடையோர், நீதிக்காகப் பசித்துத் தவிப்போர், இரக்கமுடையோர், உள்ளத் தூய்மையுடையோர், சமாதானம் செய்வோர், நீதியின்பொருட்டுத் துன்புறுத்தப்படுவோர் என்போரே அவ்வெண்மர். செல்வன் இவ்வரிசையில் இல்லை, வெற்றிவீரனும் இல்லை.

இதனைக் கேட்போர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. துயருறுபவன் எவ்வாறு பேறுபெற்றவனாவான்? துன்புறுத்தப்படுபவனிடத்தே பாக்கியம் எங்ஙனம் தங்கும்? விடை அச்சொல்லின் பொருளிலேயே அடங்கியிருக்கின்றது. மூலமாகிய கிரேக்க மொழியில் இவ்விடத்து வருஞ்சொல் 'மக்காரியோஸ்' என்பது. பண்டைக் கிரேக்கர் தம் தேவர்களின் குறைவற்ற வாழ்வைக் குறிப்பதற்கு இச்சொல்லையும் இதனோடு உறவுடைய சொற்களையும் வழங்கினர். தமிழில் சீர்திருத்தத் திருச்சபையார் இதனைப் 'பாக்கியவான்கள்' என்றும், கத்தோலிக்கர் 'பேறுபெற்றோர்' என்றும் பெயர்த்துள்ளனர். இன்று வந்து நாளை போகும் பொருளை இச்சொல் குறிப்பதன்று. இறைவனோடு ஒருவன் கொண்டுள்ள உறவினால் அவனுள்ளே அமையும் நிலையையே குறிப்பது. அந்நிலையைத் திருடர் கொள்ளார், அரசு பறிமுதல் செய்யாது, நோயும் அழிக்காது. ஆதலின் கிறித்தவர் கருத்தின்படி பேறு என்பது தூய வாழ்வுக்குப் பின்னர்க் கிடைக்கும் கூலி மட்டுமன்று. தூய வாழ்வு நடைபெறும்போதே அதனுள் இருப்பது.

இனித் தூய வாழ்வு என்பது யாது? பரிசுத்தம் என்று தமிழில் வழங்குவதற்கு எபிரேய மொழியில் 'கதோஷ்' என்பது சொல். வேறாகப் பிரித்து ஒன்றற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது என்பது அதன் பொருள். ஆலயத்துக்கென ஒதுக்கப்பட்ட பாத்திரம் வீட்டுத் தேவைக்கு எடுக்கப்படுவதில்லை. அவ்வாறே இறைவனுக்கென ஒதுக்கப்பட்ட மனிதனும் பிறிதொன்றுக்கு உரியவன் அல்லன். இப்பொருளைத் தவறாகக் கொண்டு, தூய வாழ்வென்பது மக்களை விட்டு விலகி வாழும் வாழ்வு என்று எண்ணியோர் எக்காலத்தும் உளர். பாவம் மலிந்த சந்தையையும் சண்டை மலிந்த வீட்டையும் விட்டு நீங்கினாலன்றிப் பரிசுத்தம் கிட்டாது என்பது அவர்கள் எண்ணம்.

திருச்சபையின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு முழுச்சான்று தருவதன்று. கத்தோலிக்கர் சின்னப்பர் என்றும் சீர்திருத்தச் சபையார் பவுல் என்றும் அழைக்கும் அப்போஸ்தலர் உரோமை, கொரிந்து, பிலிப்பி ஆகிய நகரங்களின் சபையாருக்குக் கடிதம் எழுதியபோது, அங்கிருந்த எளிய மக்களையே பரிசுத்தர் என்று குறிப்பிட்டார். அவர்களிடையே அடிமைகளும் கைத்தொழிலாளரும் இல்லறத்தாரும் இருந்தனர். எகிப்திய பாலைவனத்தில் தனிமையை நாடிச் சென்ற அந்தோனியார்கூட, நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவர் துன்புறுத்தப்பட்டபோது, அலெக்சாந்திரியா நகருக்கு வந்து சிறையில் கிடந்தோரைத் தேற்றினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் கூறுகின்றார். 1609ஆம் ஆண்டில் ஜெனீவா மறைமாவட்டத்தின் ஆயரான பிரான்சிஸ் சலேசியார் இல்லறத்தாருக்கென்றே பக்தி வாழ்வைப் பற்றிய ஒரு நூலை வெளியிட்டு, போர்வீரனும் தொழிலாளியும் மணமான பெண்ணும் கைம்பெண்ணும் தத்தம் நிலைக்கு ஏற்றவாறு தூயவராகலாம் என்று விளக்கினார். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, மார்ட்டின் லூத்தர் வீட்டுப் பணியும் வயற்பணியும் இறைவன் அழைத்த பணிகளே என்று போதித்திருந்தார். 1964ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், தூய வாழ்வுக்கான அழைப்பு குருமாருக்கும் துறவியருக்கும் மட்டும் உரியதன்று, எல்லோருக்கும் பொதுவானது என்பதைத் தனியோர் அதிகாரத்தில் எடுத்துரைத்தது.

கொள்கையாகக் கூறும்போது இக்கருத்து எளிதாகவே தோன்றும். ஒரு மனிதனின் வாழ்நாளில் அது எவ்வாறு நிகழ்கின்றது என்று காணும்போதே அதன் ஆழம் விளங்கும். அதற்குத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் கண்டியிலும் நடந்து திரிந்த யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வு அதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

யோசேப் வாஸ் 1651ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். கொங்கணி அவர்தம் தாய்மொழி. 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலே அவர் ஒரு சாசனம் எழுதினார். தம்மைத் தேவதாயாருக்கு அடிமையாக ஒப்புக்கொடுப்பதாக அதில் எழுதிக் கையொப்பமிட்டார். அடிமை வாணிகம் கண்முன்னே நடைபெற்ற காலம் அது. விற்கப்பட்ட மனிதனுக்குத் தனக்கென ஒரு நாழிகையும் இல்லை என்பதை அக்கால மக்கள் நன்கறிவர். அச்சொல்லை ஒரு குரு தம் விருப்பத்தாலே தமக்குச் சூட்டிக்கொண்டார் என்றால், ஒதுக்கப்படுதல் என்னும் பரிசுத்தத்தின் முதற்பொருளை அவர் எத்துணை உண்மையாக எடுத்துக்கொண்டார் என்பது புலனாகும்.

அந்நாளில் துறவற சபைகள் கோவாவின் சுதேசக் குருமாரைத் தம்முள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. ஆதலின் சுதேசக் குருமார் சிலர் பழைய கோவாவில் ஒன்றுகூடி வாழத் தொடங்கினர். 1685ஆம் ஆண்டில் அவர்களோடு சேர்ந்த யோசேப் வாஸ் விரைவில் அவர்களுக்குத் தலைவரானார். உரோமாபுரியில் பிலிப்பு நேரியார் 16ஆம் நூற்றாண்டில் நிறுவிய ஒரத்தோரியன் சபையின் ஒழுங்கை அவர்கள் மேற்கொண்டனர். கடும் வார்த்தைப்பாடுகளால் கட்டுண்டிராது, அன்பினாலேயே பிணைக்கப்பட்டு வாழ்வது அச்சபையின் மரபு. செபமும் எளிமையும் மக்கட்பணியும் அவர்களுடைய நாளாந்த வாழ்வாயின.

இலங்கையின் நிலையோ அப்போது வேறாயிருந்தது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். மறைந்து வந்த குருவுக்கு அடைக்கலம் அளிப்போர் மரணதண்டனைக்கு உரியர் என்று 1658இலேயே கட்டளை பிறந்தது. இப்பகைமைக்குச் சமயம் மட்டும் காரணமன்று. கத்தோலிக்கர் போர்த்துக்கேயருக்கு மீண்டும் கைகொடுப்பர் என்னும் அரசியல் அச்சமே பெரிதும் காரணமாயிருந்தது. ஒல்லாந்தரிடையேயும் கற்றோரும் நல்லோரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பல்தேயஸ் போதகர் தமிழ் மொழியையும் மக்கள் வழக்கங்களையும் ஆராய்ந்து, 1672இல் வெளிவந்த தம் பெருநூலில் எழுதி வைத்தார். ஆயினும் கத்தோலிக்க மக்களைப் பொறுத்தவரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றி, பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றிக் கழிந்தன.

இந்நிலையைக் கேள்வியுற்ற யோசேப் வாஸ் தலைமைப் பதவியைத் துறந்து, ஜோன் என்னும் பணியாளரோடு புறப்பட்டார். மேற்குக் கரையோரமாக நெடும்பயணம் செய்து, தூத்துக்குடியில் தோணியேறி, 1687ஆம் ஆண்டில் இலங்கையின் வடகரையை அடைந்தார். குருவின் உடை இல்லை. கையில் பொருளும் இல்லை. பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நடந்தார். வந்த சில நாட்களிலேயே கொடிய வயிற்றுளைவு அவரைப் பற்றிக்கொண்டது. தொற்றுக்கு அஞ்சிய மக்கள் அவரை ஊர்ப்புறத்தே கிடத்தினர். இரக்கமுள்ள ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைக்கச் செய்தாள் என்பர். அவர் யார் என்பதை அப்பெண் அறியாள். அவள் கண்டது ஆதரவற்ற ஒரு நோயாளியையே. மலைப்பொழிவின் இரக்கமுடையோர் வரிசையில் அப்பெயரறியாப் பெண்ணுக்கும் இடம் உண்டு என்பதில் ஐயமில்லை.

நோய் நீங்கிய பின்னர், யார் கத்தோலிக்கர் என்று அறிவது எங்ஙனம்? வெளிப்படையாகக் கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, விடையளித்தவருக்கும் ஆபத்து. ஆகவே அடிகளார் தம் கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மாறுவோரைக் கவனித்தார். அவ்வாறே தம் மக்களை ஒவ்வொருவராய் இனங்கண்டார். பின்னர் பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் ஊரூராய்ச் சென்று, விடியுமுன் பூசை ஒப்புக்கொடுத்து, நோயாளரைக் கண்டு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வந்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடிய கத்தோலிக்கர் பலர் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அடிகளார் தப்பினார். அதன்பின் ஒல்லாந்தரின் ஆட்சிக்கு அப்பாலிருந்த கண்டி இராச்சியத்தின் புத்தளப் பகுதியை அவர் அடைந்தார்.

இவ்விடத்தில் தூய வாழ்வு பற்றிய ஓர் உண்மையைக் குறிப்பிடாது அப்பாற் செல்வது முறையன்று. யோசேப் வாஸின் பெயர் வரலாற்றில் நின்றது. அவருக்கு வாசற்கதவைத் திறந்துவிட்ட குடும்பங்களின் பெயர்கள் பெரும்பாலும் நிற்கவில்லை. குருவுக்குத் துணிவைத் தந்தது அவர் பெற்ற அழைப்பு. ஆனால் சில்லாலையில் ஒரு தாய் நள்ளிரவில் விளக்கை மறைத்துப் பிடித்துக் கதவைத் திறந்தபோது, தன் குழந்தைகளின் உயிரையும் சேர்த்தே ஈடுவைத்தாள். குருவற்ற முப்பது ஆண்டுகளும் விசுவாசத்தைக் காத்தவர்கள் யாவர்? பெற்றோரிடம் கேட்டறிந்த செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அன்னையரும், வீட்டுத் திண்ணையில் செபமாலை சொல்லிய முதியோருமே. இவர்களிலிருந்தே அடிகளார் தம் சபையை மீளக் கட்டினார். தாம் இல்லாத வேளையில் வழிபாட்டை நடத்தவும், மறைக்கல்வி கற்பிக்கவும், இறப்போருக்குத் துணைநிற்கவும் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவிமார் என்போரை ஏற்படுத்தினார். தூய வாழ்வு பீடத்தருகே மட்டும் வளர்வதன்று, அடுக்களையிலும் வளர்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1692ஆம் ஆண்டில் அடிகளார் கண்டி மாநகரை அடைந்தார். அடைந்தவுடனே, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. சிறைவைக்கப்பட்டார். சிறை என்பது பலருக்குப் பணி முடிவடையும் இடம். அவருக்கோ அது கல்விக்கூடமாயிற்று. காவலரோடு உரையாடிச் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது ஓலைக்குடிசை ஒன்று அமைத்து அதனை ஆலயமாக்கினார். தப்பியோட வழியிருந்தும் ஓடவில்லை. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் கூர்ந்து நோக்கிவந்தான். மழை பொய்த்த ஒரு காலத்தில் அரசனின் வேண்டுகோளுக்கு இணங்க அடிகளார் செபித்தபோது மழை பெய்தது என்று மரபு கூறும். நாளடைவில் அரசன் அவருக்கு நாடெங்கும் சென்று போதிக்கும் உரிமையை வழங்கினான்.

இம்மன்னனைப் பற்றி ஒருவார்த்தை கூறுதல் தகும். அவன் பௌத்தன், தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவன். இலங்கையில் பௌத்த சங்கத்தின் உபசம்பதா மரபு அறுந்துபோயிருந்ததைக் கண்டு, அரக்கான் தேசத்திலிருந்து பிக்குகளை வருவித்து, 1697இல் அதனை மீள நிலைநாட்ட முயன்றவன் அவனே. தன் சமயத்தை மீட்பதில் ஊக்கங்கொண்ட அவ்வரசன், வேற்றுச் சமயக் குருவுக்கும் இடங்கொடுத்தான். ஒரு கிறித்தவ அரசு மற்றொரு கிறித்தவப் பிரிவைத் துரத்திய காலத்தில், ஒரு பௌத்த அரசு அப்பிரிவினருக்கு நிழல் தந்தது. உண்மையான சமயப்பற்று பிறர் சமயத்தின்மீது வெறுப்பாக மாற வேண்டியதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அதே 1697ஆம் ஆண்டில் கண்டியில் வைசூரி பரவியது. அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்தில்லை. எட்வர்ட் ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டறிந்தது 1796இல்தான். உலகிலிருந்து அந்நோய் அடியோடு ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது 1980இல். ஆகவே 1697இல் மக்களுக்குத் தெரிந்த ஒரேவழி ஓடிப்போவது. அரசன் நகரை விட்டு நீங்கினான். இயன்றவர் யாவரும் நீங்கினர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டோரத்தில் விட்டுச்சென்றனர். அவர்களை இதற்காகப் பழிப்பது எளிது. ஆனால் எஞ்சிய பிள்ளைகளைக் காப்பாற்றவேண்டிய தந்தைக்கு வேறு வழி தோன்றவில்லை என்பதையும் எண்ணல் வேண்டும். அச்சம் கொடியதாயினும் காரணமற்றதன்று.

அடிகளார் நகரை விட்டு அகலவில்லை. அவரோடு கார்வாலோ என்னும் குருவும் நின்றார். கைவிடப்பட்ட நோயாளரை இருவரும் கொட்டில்களிலும் வெறுமையான வீடுகளிலும் கிடத்தினர். உணவும் நீரும் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், துணிகளைத் துவைத்தனர், இறந்தோரைத் தாமே சுமந்து புதைத்தனர். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா, பிற சமயத்தவரா என்று வினவவில்லை. நோயை நேரே மாற்றும் மருந்து இல்லாத வேளையிலும், நீரும் கஞ்சியும் துப்புரவும் இடையறாத கவனிப்பும் எத்தனையோ உயிர்களைக் காக்கவல்லன. இதனை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் தமக்குக் கொடுத்த கஞ்சியைப் பத்தாண்டுகளுக்குப் பின்னர் கண்டியில் அவர் பல்லாயிரம் மடங்காகத் திருப்பிக் கொடுத்தார் எனலாம். ஊருக்குத் திரும்பிய மன்னனும் மக்களும் அவரை வேறு கண்கொண்டு நோக்கினர். பல ஆண்டுப் போதனை செய்யாததை அச்சில மாதத் தொண்டு செய்து முடித்தது.

இங்கேதான் பரிசுத்தம் என்னும் சொல்லின் உட்பொருள் முற்றும் வெளிப்படுகின்றது. இறைவனுக்கென ஒதுக்கப்பட்டவன் மனிதரிடமிருந்து ஒதுங்கிவிடவில்லை. யாவரும் ஒதுக்கியவர்களை நெருங்கிச்செல்லும் விடுதலையை அவ்வொதுக்கமே அவனுக்கு அளித்தது. தனக்கென வைத்துக்கொள்ள உடைமையில்லாதவனுக்கு இழந்துவிடுவோம் என்னும் அச்சமில்லை. தன் உயிரே தன்னுடையதன்று என்று சாசனம் எழுதியவனுக்கு நோயைக் கண்டு ஓடவேண்டிய தேவையில்லை. பசித்தவனுக்கு உணவளித்தலும், நோயுற்றவனைக் காணுதலும், சிறைப்பட்டவனிடம் செல்லுதலும் தமக்கே செய்யப்பட்டனவாகும் என்று இயேசுபெருமான் கூறியதாக மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. ஆகவே நோயாளியின் கொட்டிலுக்குச் செல்பவன் ஆலயத்தை விட்டு வெளியே செல்வதாகக் கிறித்தவம் கருதவில்லை.

இத்தகைய வாழ்வுக்கு வேராயிருந்தது நாடோறும் தவறாத செபம். பகலெல்லாம் நடந்தும் பணியாற்றியும் களைத்த உடலோடு இரவில் நெடுநேரம் மௌனத்தில் இருப்பது அடிகளாரின் வழக்கம். பணியும் செபமும் ஒன்றையொன்று பகைப்பன என்று எண்ணுவோர்க்கு அவர் வாழ்வு விடையாகும். செபமில்லாத தொண்டு விரைவில் களைப்பாகவும், பின்னர் கசப்பாகவும் மாறிவிடும். தொண்டில்லாத செபமோ தன்னைத்தானே வியந்துகொள்ளும் பெருமையாகிவிடும். எளிமையும் அவரிடம் அவ்வாறே அமைந்திருந்தது. அவரை ஆயர் நிலைக்கு உயர்த்தும் யோசனை எழுந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. புகழுக்கு அஞ்சினார் என்பதைவிட, புகழுக்கு அவரிடம் வேலையில்லை என்பதே பொருந்தும்.

அவர் தனியே ஒளிர்ந்து தனியே அணைந்த விளக்கும் அல்லர். 1696 முதல் கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்து சேர்ந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றினார். தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை எண்ணி வாசிக்கப்பெற்றுவந்த 'வியாகுல பிரசங்கம்' அவர் தமிழுக்குத் தந்ததேயாகும். மக்களின் மொழியைக் கற்றல் என்பது அவர்களுக்கு வெறும் வசதியன்று. அதுவே ஒரு தாழ்மைப் பயிற்சி. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் பிழையாகப் பேசிப் பிறர் நகைக்க, மீண்டும் பிழையாகப் பேசிக் கற்றுக்கொள்வது எளிய காரியமன்று. சாந்தமுடையோர் பூமியைச் சுதந்தரிப்பர் என்னும் கருத்துக்கு இதுவும் ஒரு விளக்கம்.

இவ்வகை வாழ்வு ஒரு சபைக்கோ குருமாருக்கோ மட்டும் உரியதன்று. அடிகளாரின் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டின் பின், 1847இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். அவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மாணவரை வைத்தியராகப் பயிற்றினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார். தமிழ் வழியாகவே மருத்துவம் கற்பித்தார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை அத்தமிழ்ப் பணியை மறக்கவில்லை. அவர் ஏந்தியது சிலுவைக் கொடியன்று, வைத்தியனின் கைக்கருவி. தன் தொழிலை நேர்மையோடும் அன்போடும் செய்வதே ஒருவனுக்குத் தூய வாழ்வாகலாம் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

யோசேப் வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு தைத் திங்கள் 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். அவர் கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக் காலிமுகத் திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றே பாப்பரசர் மடுத் திருப்பதிக்கும் சென்று, போரினால் துயருற்ற மக்களோடு செபித்தார். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே தமக்குரியவர் என்று கொள்ளக்கூடிய ஒருவர் அவ்வாறு இலங்கையின் முதற்புனிதராயினார்.

திருச்சபை ஒருவரைப் புனிதர் என்று அறிவிப்பது அவருக்குப் புதிதாக ஒரு பெருமையைச் சேர்ப்பதற்கன்று. வாழ்வோர்க்கு வழி காட்டுவதற்கேயாம். அவ்வழி எத்தகையது என்பதை அடிகளார் தம் மரணப்படுக்கையில் தம்மைச் சூழ்ந்து நின்றோர்க்கு எளிதாகவே சொல்லிச் சென்றார். வாழ்நாள் முழுதும் செய்யாது விட்டதை மரணவேளையில் எளிதிற் செய்துவிட இயலாது என்பதே அவர் கூறிய அறிவுரையின் பொருள். முதலில் இது எச்சரிக்கையாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் ஆறுதலும் இதிலுண்டு. பெருஞ்செயல் ஒன்றுக்கான வாய்ப்பை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை. கண்டியில் வைசூரி பரவிய அன்று யோசேப் வாஸ் திடீரென்று வீரராகவில்லை. சில்லாலையின் இருளில் நடந்த இரவுகளிலும், சிறையில் சிங்களச் சொற்களைக் கற்ற பகல்களிலும் அவ்வீரம் சிறுகச் சிறுக அவருள் சேர்ந்திருந்தது.

பேறுபெற்ற வாழ்வும் அவ்வாறே சேர்வது. அயலவனோடு கொண்ட பகையை இன்று பொழுது சாயுமுன் தீர்த்துக்கொள்பவன், கணக்கில் ஒரு சதமும் பிசகாது எழுதும் எழுதுவினைஞன், மூப்படைந்த மாமியாரைச் சலிப்பின்றிப் பேணும் மருமகள், பிறர் குறையைக் கேட்டும் மற்றோரிடம் சொல்லாது மறைப்பவன் ஆகிய இவர்களுக்கெல்லாம் சிலையெடுப்பார் இல்லை. திடலிற் கூடிப் போற்றுவாரும் இல்லை. ஆயினும் மலைப்பொழிவு எண்ணிச் சொல்லிய வரிசையில் இவர்கள் நிற்கின்றனர். கல்லறை இருக்குமிடமும் தெரியாத ஒரு மனிதரை மூன்று நூற்றாண்டுகள் மறவாதிருந்த இந்நாட்டில், அவ்வரிசை இன்னும் முடிவடையவில்லை.